உஷார்! கவருக்குப் பின்னால் கற்பூரத் தட்டு வருகிறது

ஜவ்வாது மலைக்காரர்களே, கொஞ்சம் உஷாராக இருங்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. பீஞ்சமந்தை, புதூர்நாடு பக்கம் 2021 அக்டோபரில் ஜெயித்தவர்களுக்கு 2026 அக்டோபரோடு ஐந்தாண்டு நிறைகிறது. தேர்தல் வந்தால் பணமும் வரும். அது ஊரறிந்த கதை. எனக்குப் பயம் பணத்துக்குப் பின்னால் வரும் தட்டைப் பற்றி.

ராத்திரி கதவைத் தட்டுவார்கள். கவரைக் கையில் திணித்த சூட்டோடு, எரிகிற கற்பூரத்தை நீட்டுவார்கள். இல்லையென்றால் பால் சொம்பு. அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலை. "எங்களுக்குத்தான்னு சத்தியம் பண்ணும்மா" என்பார்கள். தமிழ்நாடு முழுக்க நடக்கிற கூத்துதான். ஆனால் சில நூறு ஓட்டுள்ள மலை ஊராட்சியில், எந்த வீட்டில் யார் வாக்குத் தவற மாட்டார்கள் என்பது தட்டு ஏந்தி வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

மலை மக்களை அப்பாவிகள் என்று கொஞ்சுவது எனக்குப் பிடிக்காது. சாமைக்கும் புளிக்கும் வியாபாரி சொல்லும் விலையில் எவ்வளவு ஏமாற்று என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டு விஷயத்தில் மட்டும் "கை நீட்டி வாங்கியாச்சு, மாத்திப் போட்டா சாமி குத்தம்" என்று நேர்மையாக நடந்துகொள்கிறார்கள். கொடுப்பவனின் மூலதனமே அந்த நேர்மைதான். வாக்காளரும் தன்னைப்போலப் பேச்சு மாறுகிறவர் என்று நினைத்தால் அவன் மடியிலிருந்து ஒரு ரூபாய் இறங்காது.

அவன் சத்தியம் என்ன ஆகும்? 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில், ஜெயித்த பிறகு பணம் என்று சொல்லி 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்ததாகப் புகார் எழுந்தது. முடிவு வந்த பின் நோட்டும் கையுமாக அலைந்தவர்களின் கதையும் செய்தியில் வந்தது.

இது பட்டணத்துச் சங்கதி என்று விட்டுவிட வேண்டாம். அணைக்கட்டு மலை ஊர்களும் அடங்கிய வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டியது. காட்பாடிப் பக்கம் சிமென்ட் கிடங்கில் சுமார் 11 கோடி ரூபாய் பிடிபட்டதும், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, குடியரசுத் தலைவர் உத்தரவால் அது ரத்தானது. பண விநியோகப் புகாரால் மக்களவைத் தேர்தல் ஒன்று ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஆகஸ்ட் 5 அன்று மறுபடி நடத்தினார்கள்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவில் ஓட்டுக்குக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. பலருக்குத் தெரியாதது அடுத்த பிரிவு. இப்படிப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பதையும் அது குற்றம் என்கிறது. ஆக, அந்தக் கற்பூரத் தட்டே வழக்குப் போடத் தக்க பொருள். அதன் மேல் செய்த சத்தியம் யாரையும் கட்டாது. சாமியை இழுத்தவன் அவன், பாவம் மட்டும் உங்கள் தலையிலா?

பயமுறுத்தவும் செய்வார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பது தெரிந்துவிடும் என்பார்கள். எண்ணிக்கையில் ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று வேண்டுமானால் தெரியும், ஆள் தெரியாது. பதவியை ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் வாங்கலாம் என்று பெரியவர்கள் கிளம்பினால், அங்கேயும் உஷார். போட்டியே இல்லாமல் ஆக்கிவிட்டால் ஓட்டுச்சீட்டே கைக்கு வராமல் போய்விடும்.

அப்படியானால் ஓட்டுக்கு எதைத்தான் கேட்பது? 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறி நடந்தார். "எங்களுக்கு ரோடு போடு" என்று வேட்பாளரிடம் கேட்பது லஞ்சம் ஆகாது. பொதுக் காரியத்துக்கான வாக்குறுதியைச் சட்டம் விலக்கியே வைத்திருக்கிறது. ஆகவே கவரோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள். ஊர் மந்தைக்குக் கூட்டிப் போய், அவன் கொண்டுவந்த கற்பூரத்தையே ஏற்றி, ரோடு எந்த மாதம் வரும் என்று சத்தியம் பண்ணச் சொல்லுங்கள்.