தனி விமானத்தின் பதிவேட்டைப் பார்ப்பவர் யார்?

புது தில்லி: கான்பூர் பொதுக்கூட்டத்துக்காகத் தில்லியிலிருந்து 2001 செப்டம்பர் 30-ஆம் தேதி புறப்பட்ட சிறிய தனி விமானம், உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி அருகே விழுந்து எரிந்தது. காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா உள்பட 8 பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் செய்தி சேகரிக்க உடன் சென்ற பத்திரிகைத் துறையினர். ஐந்தே மாதங்களில், 2002 மார்ச் 3-இல், மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகி ஆந்திரத்தின் கைகலூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் பலியானார்.

இத்தகைய விபத்துகளின்போது "மோசமான வானிலை" என்ற காரணமே பெரும்பாலும் முந்திக்கொள்கிறது. இயந்திரத்தின் கதை பிறகுதான் வருகிறது. 2009 செப்டம்பர் 2-இல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி உயிரிழந்த விபத்தில், கியர் பெட்டியின் எண்ணெய் அழுத்தம் குறித்த எச்சரிக்கையைச் சமாளிப்பதில் விமானிகளின் கவனம் சில நிமிடங்கள் சிதறியதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. புயல்மேகமும் பழுதும் ஒன்றாய் வந்தால் யாரைக் குறை சொல்வது?

விமானத்துக்கும் அதன் என்ஜின்களுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய எண்ணிக்கை, மாற்றிய உதிரிபாகம் அனைத்தும் அவற்றில் ஏற வேண்டும். விமானி எழுதும் பழுதுக்கு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டாக வேண்டும். தேர்தல் காலத்தில் ஒரே நாளில் நான்கைந்து ஊர்களுக்குப் பறக்கும் விமானத்தில் மணிக்கணக்கு குறைவாயிருக்கும். தரையிறங்கிய எண்ணிக்கையோ விறுவிறுவென ஏறும். சக்கரங்களும் பிரேக்கும் தேய்வது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே. மணிக்கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தினுடையது. அதன் மேற்பார்வை போதவில்லை என்று கூறி, 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் பாதுகாப்புத் தரவரிசையைக் குறைத்தது. ஆய்வாளர் பற்றாக்குறையே அன்று பெரிதும் பேசப்பட்டது. 2015 ஏப்ரலில் பழைய நிலை மீண்டது.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், விதிமீறலுக்கான உச்ச அபராதத்தை 10 லட்சம் ரூபாயிலிருந்து ஒரு கோடியாக உயர்த்தியது. 1934-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2024-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆனாலும், தனி விமானத்தில் தலைவரை அனுப்பி வைக்கும் கட்சி அலுவலகம் விசாரிப்பது பெரும்பாலும் புறப்படும் நேரத்தையும் வாடகையையும்தான். பறக்கும் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை, கடைசிப் பழுது என்ன, அதை யார் சரிசெய்து கையெழுத்திட்டார் என்ற மூன்று கேள்விகளையும் அதே தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.