வீட்டுக்காரர் பாலிசியும் என் பெட்டியும்

2024 ஆகஸ்டுக் கடைசியில் விசுவாமித்திரி நதி கரை புரண்டு பரோடாவுக்குள் புகுந்ததை நம் சங்கத்து நண்பர்களில் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். மற்றவர்கள், தெருவுக்கு வந்த முதலைகளைப் பற்றியாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வெள்ளம் எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடம் இன்ஷ்யூரன்ஸைப் பற்றியது. பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

நான் குடியிருந்தது கீழ்த்தளத்து அறை. இரண்டு நாள் மாடியில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, மூன்றாம் நாள் இறங்கி வந்தேன். கட்டில், மெத்தை, மடிக்கணினி, நாலு வருஷத்து ஆராய்ச்சிக் குறிப்புகள் எல்லாம் சேற்றில் கிடந்தன. "கவலைப்படாதே, வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது" என்றார் காகா. வீட்டுக்காரரை நான் அப்படித்தான் அழைப்பது.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். என் அறைச் சுவரையும் கதவையும் மின்சாரக் கம்பிகளையும் படம் எடுத்தார். நான் ஆவலோடு மெத்தையையும் கணினியையும் காட்டினேன்.

"இவை யாருடையவை?"

"என்னுடையவை."

"பாலிசி அவர் பெயரில் அல்லவா இருக்கிறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. வீட்டுக்காரர் பாலிசி அவருடைய கட்டடத்தையும் அவருடைய சாமான்களையும் காக்கும். குடித்தனக்காரர் சாமானை அது தொடாது. நம் சாமானுக்கு நாமே தனியாகப் பாலிசி எடுக்கலாம். சொந்த வீடு இருந்தால்தான் இன்ஷ்யூரன்ஸ் என்று நான் எண்ணியிருந்தது தவறு.

இப்போது பாலிசிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் விற்கவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, இடி, வெடிவிபத்து, புயல், வெள்ளம், நில நடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த்தொட்டி உடைப்பு ஆகியவற்றால் வரும் நஷ்டம் இதில் அடக்கம். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், வீட்டுச் சாமான்களும் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மேற்படாமல், தாமாகவே சேர்ந்துகொள்ளும். சாமான்களுக்கு மட்டும் எடுப்பவர் அவற்றின் மதிப்பைச் சொல்லி எடுக்கவேண்டும்.

சேராதவை எவை என்பதுதான் முக்கியம். நகைகளுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். ரொக்கப் பணம் சேராது. திருட்டு என்றால், வெள்ளம், தீ போன்ற விபத்து நடந்து ஏழு நாட்களுக்குள் நடந்த திருட்டு மட்டுமே சேரும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால், அதற்கு வேறு பாலிசி வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களே, கைப்பிரதிகளும் சேரா! என் குறிப்புகளுக்கு எந்தக் கம்பெனியும் ஈடு தந்திராது.

இதையெல்லாம் படித்தபின் கடலூரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த ஊர் எங்கள் ஊர்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் இருக்கா?"

"இல்லாம என்னப்பா? பாங்கியில கடன் வாங்கினப்பவே பிடிச்சுக்கிட்டாங்களே!"

காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படித்ததும் பகீரென்றது. அது அப்பாவின் ஆயுளுக்கு எடுத்த பாலிசி! அவர் கண் மூடினால் கடன் பாக்கி அடையும். வீடு இடிந்தால் ஒரு காசு வராது. மாதத் தவணை மட்டும் தவறாமல் கட்டவேண்டியிருக்கும். அந்த வேறுபாட்டை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஏழு வருஷமாக அவர் நிம்மதியாகத் தூங்கியது இந்தக் காகிதத்தை நம்பித்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கலாம்.

உடனே கட்டடத்துக்குப் பாலிசி எடுக்க முனைந்தோம். "வீடு 60 லட்சம் பெறும், அவ்வளவுக்குப் பிரிமியம் கட்ட நம்மால் ஆகுமா?" என்று அப்பா தயங்கினார். அந்த 60 லட்சத்தில் பெரும்பங்கு மனையின் விலை. மனையைத் தீ எரிக்காது. இன்ஷ்யூரன்ஸ் செய்யவேண்டியது மறுபடி கட்டுவதற்கு ஆகும் செலவை மட்டுமே. பேச்சுக்கு, 800 சதுர அடி வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 லட்சம்தான் கணக்கு. பிரிமியமும் அதற்குத்தான்.

அதற்காகத் தொகையை அளவுக்கு மீறிக் குறைப்பது சிக்கனமாகாது. பழைய முறையில், 16 லட்ச வீட்டை 8 லட்சத்துக்குப் பதிந்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சமே கிடைக்கும். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. ஆனாலும் பதிந்த தொகைக்கு மேல் கிடைக்காது. வீடு முழுவதும் போனால் பாதிதான் கைக்கு வரும்.

மலிவாக எடுக்க வழி என்ன? 2006 கடைசி வரை தீ இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒன்றாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. கிருஹ ரக்ஷாவின் அடிப்படை ஷரத்துக்கள் எங்கும் ஒன்றே. விலையைக் கம்பெனி தானே வைக்கிறது. ஒரே சரக்கைப் பல கடைகளில் விலை கேட்பது போலத்தான் இது. மூன்று நான்கு இடங்களில் கேளுங்கள். பாங்கி காட்டும் கம்பெனியிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாலிசியைப் பத்து வருஷம் வரை சேர்த்து எடுக்கலாம். அதற்குச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். வேண்டாத சேர்க்கைகளைத் தள்ளுங்கள். கட்டடம் எந்த வகை, கட்டி எத்தனை வருஷம் என்ற கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பொய் சொல்லி மிச்சம் பிடித்தவர் நஷ்டஈடு கேட்கும் நாளில் விழிப்பார்.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நண்பர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் காகிதத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: யார் பெயரில் இருக்கிறது? ஆளுக்கா, வீட்டுக்கா? எவ்வளவுக்கு? பிறகு வீட்டுச் சாமான்களை அறை அறையாகப் படம் எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

நான் இப்போது மாடி அறைக்குக் குடிபோய்விட்டேன். சாமான்களுக்குப் பாலிசி இருக்கிறது. ஆராய்ச்சிக் குறிப்புகளுக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன, ஒன்று கடலூரில்.