தைத்துக் கட்டிய கப்பல்

2023 செப்டம்பரில் கோவாவில் ஒரு மரக்கப்பலுக்கு அடிக்கட்டை போட்டார்கள். அஜந்தா குகையில் 5ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓர் ஓவியம்தான் அதற்கு ஆதாரம். ஓவியம் வெளித்தோற்றத்தைக் காட்டும். பலகைகளை எப்படிப் பிணைத்தார்கள், எந்தக் காற்றுவரை தாங்கும் என்பதைச் சொல்லாது. அந்தக் குறையைக் கைத்தொழிலும் கணக்கும் சேர்ந்தே நிரப்பின. பண்பாட்டு அமைச்சகம் நிதி கொடுக்க, கடற்படை மேற்பார்த்தது. கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் வேலை நடந்தது. கப்பலின் பெயர் ஐஎன்எஸ்வி கௌண்டின்யா.

அதன் உடலில் பலகையோடு பலகையைச் சேர்க்க ஆணி இல்லை. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பின் மேல் தேங்காய் நாரை வைத்து, கயிற்றை இழுத்திறுக்கித் தைத்தார்கள். துளைகளையும் இடுக்குகளையும் மரப்பிசின் அடைத்தது. இப்படித் தைத்த உடல் அலை மோதும்போது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகுகள் கொந்தளிப்பில் பிழைத்ததும் இந்த நெகிழ்வால்தான்.

சதுரப் பாய், சுக்கானுக்குப் பதில் பக்கத்துடுப்பு என்ற அமைப்பு இன்றைய மாலுமிக்குப் பழக்கமில்லாதது. எனவே கடலில் கப்பல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையும் கடற்படையும் மாதிரிச் சோதனையில் பார்த்தன. 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா, டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரி 14இல் மஸ்கட் சேர்ந்தது.

இதுபோன்ற முயற்சிக்குத் தாமிரபரணிக் கரைக்கும் உரிமை உண்டு. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றின் கடைமடைப் பகுதியில் உள்ள கொற்கை ஒருகாலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்தது. கிரேக்க மாலுமிக் குறிப்புகளில் இடம்பெற்ற அந்த ஊர், ஆறு கொண்டுவந்த வண்டலால் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கிழக்குக் கரைக் கப்பலின் வடிவத்துக்குச் சாதவாகனர் காசுகளில் உள்ள இருபாய்மரக் கப்பல் துணை செய்யும். ஆனால் மரத்தை வளைக்கும் பக்குவம் காசில் இல்லை. அது தூத்துக்குடித் தோணி கட்டும் மூத்த தச்சர்களின் கையில் இருக்கிறது. கொற்கைக்கு ஒரு கப்பல் கட்ட நினைப்பவர்கள் முதலில் அவர்களிடம் போய், அந்த வேலையை முழுமையாகப் பதிவுசெய்து வைக்க வேண்டும்.