முகக் கோடுகளும் குட்டிப் புரதங்களும்

கண்ணாடியின் முன்னே நின்று புருவங்களை ஒருமுறை மேலே உயர்த்திப் பாருங்கள். நெற்றியில் குறுக்காகக் கோடுகள் விழும். இனிப் புருவங்களை நெரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நெடுக்காக ஒன்றிரண்டு கோடுகள் தோன்றும். சிரித்தால் கண்ணின் வெளி ஓரத்தில் விசிறி போலச் சில கோடுகள் விரியும். முகத்தைத் தளர்த்தியதும் எங்கள் வயதில் அவை இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். எங்கள் உம்மாமாரின் வயதிலோ அவற்றுட் சில மறையாமல் தங்கிவிடும். இப்படித் தங்கிவிடும் கோடுகளைப் பற்றியும், அவற்றைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் ‘பெப்தைட்டு’ சீரங்களைப் பற்றியுமே இக்கட்டுரை பேசுகிறது.

என் சாச்சி ஓர் ஆசிரியை. சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன்னர் ஒரு சிறிய சீரம் போத்தலை என்னிடம் காட்டினார். “மகள், நீங்க பயோ படிக்கிறீங்கதானே. இதில எழுதியிருக்கிறது உண்மையா?” என்று கேட்டார். பெட்டியில் ‘ஊசியில்லாத பொட்டொக்ஸ்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அதன் விலை எங்கள் வீட்டின் ஒரு மாத மின்சாரக் கட்டணத்தை விட அதிகம். உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் நரம்பு, தசை, புரதம் ஆகிய பாடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அக்கேள்விக்கு விடை காணலாம்.

கோடு எப்படி விழுகிறது?

எமது கை, கால்களை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் என்புடன் என்பை இணைப்பவை. முகத்தின் உணர்ச்சித் தசைகள் அப்படியல்ல. அவற்றின் ஒரு முனையாவது தோலில் வந்து பொருந்துகிறது. ஆகவே தசை சுருங்கும்போது தோலும் சேர்ந்து மடிகிறது. நெற்றித் தசையின் நார்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அதனால்தான் நெற்றியில் கோடுகள் குறுக்காக விழுகின்றன. கண்ணைச் சுற்றி வட்டமாக இருக்கும் தசை சுருங்குவதால்தான் கண்ணோரத்தில் விசிறிக் கோடுகள் உண்டாகின்றன. தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிப்பு விழும் என்பதே பொது விதி.

இளமையில் மடிந்த தோல் உடனே நிமிர்ந்துவிடும். உட்தோலில் உள்ள கொலாஜன், இலாஸ்ரின் என்னும் புரத நார்களே அதற்குக் காரணம். வயது ஏற ஏறக் கொலாஜன் குறைகிறது. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் இந்த நார்களை மேலும் சிதைக்கின்றன. பலமுறை மடித்து விரித்த காகிதத்தில் மடிப்பு நிலைத்துவிடுவதைப் போல, முகத்திலும் கோடு நிலைத்துவிடுகிறது. ஆகவே கோட்டுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மடிக்கும் தசை. மற்றது, நிமிரும் வலிமையை இழந்த தோல். கடைக்கு வரும் பெப்தைட்டுகளும் இந்த இரண்டில் ஒன்றையே குறிவைக்கின்றன.

தசைக்குக் கட்டளை எப்படிப் போகிறது?

தசை தானாகச் சுருங்குவதில்லை. நரம்பின் முனையில் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனத் தூது சின்னஞ்சிறு புடகங்களுக்குள் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கணத்தாக்கம் நரம்பு முனையை அடைந்ததும் கல்சியம் அயன்கள் உள்ளே நுழைகின்றன. உடனே புடகங்கள் நரம்பு முனையின் மென்சவ்வோடு ஒன்றிணைந்து, அசற்றைல்கோலினை வெளியே கொட்டுகின்றன. அது தசையின் வாங்கிகளில் பொருந்தத் தசை சுருங்குகிறது.

புடகம் மென்சவ்வோடு ஒன்றிணையும் அந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அங்கே மூன்று புரதங்கள் வேலை செய்கின்றன. ஒன்று புடகத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் மென்சவ்வில் இருக்கின்றன. மென்சவ்விலுள்ள இரண்டில் ஒன்றின் பெயர் ஸ்னாப்-25. காலையில் பாடசாலைக்குப் புறப்படும்போது நாம் தலைமுடியைப் பின்னுவோமல்லவா? அதுபோல இம்மூன்றும் ஒன்றையொன்று இறுகப் பின்னிக்கொண்டு, புடகத்தை மென்சவ்வோடு இழுத்துச் சேர்க்கின்றன. பின்னல் விழாவிட்டால் புடகம் திறக்காது. தசைக்குக் கட்டளையும் போகாது. கலங்களுக்குள் புடகங்கள் இவ்வாறு பொருட்களைச் சுமந்து செல்லும் ஒழுங்கைக் கண்டறிந்ததற்காக ரொத்மன், ஷெக்மன், சூடோஃப் ஆகிய மூவருக்கும் 2013ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நஞ்சில் பிறந்த யோசனை

கெட்டுப்போன உணவில் வளரக்கூடிய ஒரு பற்றீரியா பொட்டுலினம் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. அதன் ‘ஏ’ வகை செய்யும் வேலை ஒன்றுதான்: நரம்பு முனைக்குள் புகுந்து ஸ்னாப்-25 புரதத்தை வெட்டுவது. பின்னலின் ஒரு புரி அறுந்தால் பின்னல் விழாது. தசை செயலிழக்கும். உணவோடு உடலுக்குள் சென்றால் மூச்சுத் தசைகளும் செயலிழந்து உயிரே போகலாம்.

அதே நஞ்சை மிகமிகச் சிறிய அளவில் ஊசியால் ஏற்றி, கண்ணிமைத் துடிப்பு போன்ற நோய்களுக்கு மருத்துவர்கள் சிகிச்சையளித்தார்கள். கனடாவின் வன்கூவர் நகரில் ஜீன் கறூதேர்ஸ் என்ற கண் மருத்துவர் 1987இல் ஒரு புதுமையைக் கவனித்தார். அவரிடம் இச்சிகிச்சை பெற்ற நோயாளி ஒருவரின் புருவ நடுக் கோடுகள் மறைந்திருந்தன. தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்ரெயரும் அவரும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் புருவ நடுக் கோடுகளுக்குப் பொட்டொக்ஸ் ஊசியை அனுமதித்தது. ஊசியின் பலன் பொதுவாக மூன்று, நான்கு மாதங்களுக்கு நீடிக்கும்.

ஆறு அமினோ அமிலங்கள்

ஊசியும் நஞ்சும் இல்லாமல் அதே பின்னலைத் தளர்த்த முடியாதா என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் யோசித்தார்கள். ஸ்னாப்-25 என்பது 206 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதன் ஒரு முனைக்கு அருகிலுள்ள ஆறு அமினோ அமிலத் துண்டைப் பார்த்து, அதே போன்ற ஒரு குட்டித் துண்டைச் செயற்கையாக உருவாக்கினார்கள். சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த இத்தகைய சிறு சங்கிலியே பெப்தைட்டு. இதன் வர்த்தகப் பெயர் ஆர்ஜிரலின். பெட்டிகளில் அசற்றைல் ஹெக்ஸாபெப்தைட்டு-8 என்ற பெயரில் இதைக் காணலாம்.

இது எதையும் வெட்டுவதில்லை. ஸ்னாப்-25 வந்து பின்ன வேண்டிய இடத்தில் இது போய் இடையில் நுழைந்துகொள்கிறது. அதனால் பின்னல் தளர்வாக விழுகிறது; வெளியேறும் அசற்றைல்கோலினும் குறைகிறது. ஆய்வுகூடத்துக் கலங்களில் இது நடப்பதைக் காட்டினார்கள். 2002இல் வெளியான அவர்களது கட்டுரையில், 10 பெண்கள் இதைச் சேர்த்த கிறீமை 30 நாட்கள் பூசியபின் கோடுகளின் ஆழம் 30 வீதம் வரை குறைந்ததாகக் கூறப்பட்டது. விளம்பரங்களில் நாம் காணும் ‘30 வீதம்’ பெரும்பாலும் இந்தப் பத்துப் பெண்களிடமிருந்து வந்ததுதான். 2013இல் சீனாவில் 60 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வும், மருந்தில்லாத கிறீமோடு ஒப்பிடுகையில் நல்ல பலன் தெரிந்ததாகக் கூறியது. அந்த ஆய்வு நீடித்தது நான்கு வாரங்களே.

வாசலைத் தாண்டுமா?

யோசனை அழகானது. ஆனால் பூசிய இடத்துக்கும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் நடுவே எமது தோல் நிற்கிறது. வெளியிலுள்ளவை உள்ளே வராமல் தடுப்பதே தோலின் முதற் கடமை. மேற்றோலின் மேற்பரப்பில் இறந்த கலங்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே கொழுப்பு, சாந்து போல நிரம்பியிருக்கிறது. 500 டாற்றனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இந்தச் சுவரை எளிதில் தாண்டுவதில்லை என்று போஸ், மைனார்டி என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார்கள். ஆர்ஜிரலினின் திணிவு ஏறத்தாழ 889 டாற்றன். மேலும் அது நீரை விரும்பும் மூலக்கூறு. கொழுப்புச் சாந்தின் வழியே செல்வது அதற்குக் கடினம்.

மனிதத் தோலை ஆய்வுகூடத்தில் வைத்து இதைப் பூசிப் பார்த்த ஓர் ஆய்வில், பூசியதில் பெரும்பகுதி கழுவும்போதே போய்விட்டது. இறந்த கலங்களின் படைக்குள் நுழைந்தது 1 வீதத்துக்கும் குறைவு. உட்தோலில் அது கண்டறியப்படவே இல்லை. நரம்பு தசையைச் சந்திக்கும் இடமோ உட்தோலுக்கும் கீழே இருக்கிறது.

அப்படியானால் பூசியவர்களின் முகத்தில் தெரியும் மாற்றம் எப்படி வந்தது? அதில் ஒரு பங்கு கிறீமிலுள்ள கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருட்களுடையது. ஈரம் ஏறிய தோல் சற்றுப் பூரித்து, மெல்லிய கோடுகள் மங்கும். அதனால்தான் பெப்தைட்டு உள்ள கிறீமையும் இல்லாத அதே கிறீமையும் ஒப்பிடாத ஆய்வை நம்பி முடிவெடுக்க முடியாது.

சாச்சிக்கு நான் சொன்ன விடை இதுதான்: அதில் எழுதியிருக்கும் பொருளும், அது வேலை செய்யும் முறையும் கற்பனை அல்ல, ஆனால் பொட்டொக்ஸ் என்ற சொல் அதற்குப் பொருந்தாது. ஊசி சற்று இடம் மாறினாலே கண்ணிமை தொங்கிவிடக்கூடும். அவ்வளவு வலிமையுள்ள ஒன்றை மருத்துவர் இல்லாமல் யாரும் கடையில் விற்க மாட்டார்கள். இதைக் கடையில் விற்க முடிகிறதென்றால், இதன் வேலை மென்மையானது என்பதே பொருள்.

தோலைக் குறிவைப்பவை

வேறு சில பெப்தைட்டுகள் தசையை விட்டுவிட்டுத் தோலைக் குறிவைக்கின்றன. கொலாஜன் உருவாகும் புரதத்தின் ஐந்து அமினோ அமிலத் துண்டொன்று, தோற் கலங்களை மேலும் கொலாஜன் செய்யத் தூண்டுகிறது. அது சுவரைத் தாண்டுவதற்காகப் பாமிற்றிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தை அதனுடன் பிணைத்தார்கள். மற்றிக்சில் என்ற பெயரில் விற்கப்படுவது இதுவே. 93 பெண்கள் முகத்தின் ஒரு பக்கத்தில் இதையும் மறு பக்கத்தில் வெறும் கிறீமையும் 12 வாரங்கள் பூசிய ஆய்வில் சிறிய, ஆனால் அளக்கக்கூடிய வேறுபாடு தெரிந்தது. 1973இல் மனிதக் குருதியில் கண்டறியப்பட்ட மூன்று அமினோ அமிலப் பெப்தைட்டு ஒன்றும் செம்புடன் சேர்த்து இதே நோக்கத்துக்காக விற்கப்படுகிறது.

சில பெட்டிகளில் ‘பாம்பு நஞ்சு’ என்றிருக்கும். பயப்பட வேண்டாம். அதில் பாம்பும் இல்லை, நஞ்சும் இல்லை. தென்கிழக்காசியாவின் விரியன் ஒன்றின் நஞ்சிலுள்ள பெப்தைட்டைப் பார்த்துச் செய்யப்பட்ட செயற்கைப் பொருளே அது.

எங்கள் வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழும்: இவை எதிலிருந்து எடுக்கப்படுகின்றன? இந்தப் பெப்தைட்டுகள் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்படுபவை. ஆனால் கிறீமில் சேரும் கொலாஜன், கொழுப்பமிலம், கிளிசரின் போன்றவை தாவரம், மீன், மாடு, பன்றி என எதிலிருந்தும் வரலாம். பெட்டியில் அது தெளிவாக இல்லாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேட்டறிவதே வழி.

பணத்தை எங்கே செலவிடலாம்?

அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். நாள்தோறும் சூரியக் காப்புக் கிறீம் பூசும்படி கேட்கப்பட்டவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலை விட 24 வீதம் குறைவாகவே முதுமை காட்டியது. பெப்தைட்டு ஆய்வுகள் எவையும் இத்தனை பேரை இத்தனை காலம் பார்த்ததில்லை. உடலை மூடி உடுத்தும் எங்களுக்கு வெயில் படுவது பெரும்பாலும் முகத்திலும் கைகளிலும்தான். பஸ்ஸில் யன்னலோரம் அமர்ந்தாலும், கொலாஜனைச் சிதைக்கும் கதிர்களில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி வருகிறது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு காப்புக் கிறீம் பெப்தைட்டு சீரத்தை விட முதலில் வாங்கத்தக்கது. இதற்கு அடுத்து நன்கு ஆராயப்பட்டது ரெற்றினொயிக் அமிலக் கிறீம். அதை மருத்துவரின் ஆலோசனையோடுதான் பயன்படுத்த வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் தவிர்க்க வேண்டும்.

எங்கள் வயதினருக்கோ பெப்தைட்டு தேவையே இல்லை. நிமிர்ந்துவிடும் தோலை நிமிர்த்தக் காசு கொடுப்பானேன்?

தாய்மாருக்கு வாங்க விருப்பமும் வசதியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பணத்தைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெட்டியில் உள்ள ‘10 வீதம்’ பெப்தைட்டின் அளவா, பெப்தைட்டு சிறிதளவே கரைந்துள்ள கரைசலின் அளவா? எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? அந்தச் சோதனையை நடத்தியவர் அதை விற்பவர்தானா? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு வரலாம். அதனால் முகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.