சொந்த விமானம் விரும்புவோர்

வானிற் பறக்க விரும்புவோர் பலர். ஆயின், தமக்கென ஒரு விமானத்தை வாங்கித் தாமே செலுத்த அவாவுவோர் தனியொரு கூட்டத்தினர். அமெரிக்காவில் இத்தகையோர்க்கென 1953 ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கப்பெற்றது. விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகரில் 1970 முதல் அது நடத்திவரும் விழாவிலே ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்திறங்கும். அங்கு கூடுவோரிடம், "உமது கனவு விமானம் யாது?" என வினவின் விடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பலர் நாவில் எழும் பெயர் ஸ்பிற்பயர். 1936 மார்ச் 5 ஆந் திகதி முதன்முதற் பறந்த இப்போர் விமானத்தின் அழகைக் குறை கூறுவார் இலர். எனினும் ஆயிரம் குதிரைவலுவுக்கு மேற்பட்ட அதன் யந்திரம் மணிக்கு முப்பது கலனுக்கு மேற் பெற்றோல் குடிக்கும். நிலத்தில் ஓடும்பொழுது நீண்ட மூக்கு எதிரேயுள்ளதை மறைக்கும். தாமதிப்பின் யந்திரஞ் சூடேறும். செல்வர் கனவென இதனை விடுத்து அப்பாற் செல்வாம்.

யாம் பெரிதும் மெச்சுவது மஞ்சள் நிறப் பைப்பர் கப் என்பதனையே. 1938 தொடக்கம் 1947 வரை ஏறத்தாழ 20,000 விமானங்கள் இவ்வகையிற் செய்யப்பட்டன. உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேற் போர்த்த துணி, 65 குதிரைவலு யந்திரம், மணிக்கு 75 மைல் வேகம், இவ்வளவே. எரிபொருளின் அளவை அறியும் கருவியோ ஒரு தக்கையிற் செருகிய கம்பி! தாங்கியின் மூடியூடாக அது வெளியே நீட்டி நிற்கும். பெற்றோல் குறையக் கம்பியுந் தாழும். இனி நிறையைக் கணிப்பாம். ஏற்றத்தகு மொத்த நிறை 1,220 இறாத்தல். வெறும் விமானம் ஏறத்தாழ 765. எஞ்சிய 455 இல் நிறைதாங்கிப் பெற்றோலுக்கு 72 போக, ஆட்களுக்கு மிஞ்சுவது 383 இறாத்தல். ஆகவே, 200 இறாத்தல் நிறையுடைய நண்பர் இருவர் தாங்கியை நிரப்பிக்கொண்டு ஒருங்கே ஏறலாகாது. கணித ஆசிரியர் இதனை வகுப்பிற் கொடுப்பாராயின் கழித்தற் கணக்கையும் மாணாக்கர் விரும்பிச் செய்வர்.

வேகத்தை நாடுவோர் பொனான்சாவைத் தேர்வர். 1947 இல் விற்பனைக்கு வந்த இவ்விமானத்தின் வால் கவர்க்கோல்போற் பிளந்திருந்தது. இதற்கு 'மருத்துவர் கொல்லி' என்றொரு கொடும் பெயருண்டு. பணமுடைய தொழிலறிஞர் போதிய பயிற்சியின்றி இதனை வாங்கிச் செலுத்தினமையே அப்பெயர்க்குக் காரணம். முகிலினுட் புகுந்தால் அடிவானம் மறையும். அப்போது காதினுள் உள்ள சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சரிந்து வீழ்பவனும் தான் நேரே செல்வதாகவே உணர்வான். வழுவழுப்பான உடலையுடைய விமானமோ மூக்குத் தாழ்ந்ததும் விரைந்து வேகமெடுக்கும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயின்றவனே பிழைப்பான். 1959 பெப்ரவரி 3 ஆந் திகதி நள்ளிரவுக்குப் பின் ஐயோவா மாநிலத்திற் பாடகர் பட்டி ஹொலி முதலிய நால்வரைப் பலிகொண்டது இவ்வகை விமானமே. இருபத்தொரு வயதினனாகிய விமானி கருவிப் பறப்புக்குத் தகுதிச்சான்று பெற்றிலன். சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் மயிற்பொறியைச் செய்வித்ததோடு அமையாது, விசயையை அதனைச் செலுத்தவும் முன்னரே பழக்கினான் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

எம்மிடங் கேட்பின், புதியவர்க்கு ஏற்றது செஸ்னா 172 என்போம். 1956 இல் வெளிவந்த இது 44,000 க்கு மேற் செய்யப்பட்டுள்ளது. வேறெவ்வகை விமானமும் இத்துணை செய்யப்படவில்லை. உயர்ந்த சிறகும் முன்சில்லும் உடைமையால் ஓட்டியின் சிறு பிழைகளை இது பொறுத்துக்கொள்ளும். இதன் உறுதிக்குச் சான்று வேண்டுமா? 1958 டிசம்பரில் றொபேட் ரிம், யோன் குக் என்னும் இருவர் லாஸ் வேகாஸ் நகரில் இவ்வகை விமானமொன்றில் எழுந்து, ஓடும் லொறியிலிருந்து பெற்றோலை மேலிழுத்து நிரப்பி, 64 நாட்களுக்கு மேல் இறங்காதிருந்தனர். இன்று நால்வர் ஐவர் கூடி இதனைப் பங்காக வாங்குவதும் வழக்கம். கொட்டகை வாடகை, காப்புறுதி, ஆண்டுப் பரிசோதனைச் செலவு யாவும் பங்கிடப்படும். ஞாயிற்றுக்கிழமை பறப்பவர் யார் என்ற வழக்கு மாத்திரந் தீர்வதில்லை.