வீடு முதலா, பள்ளிக்கூடம் முதலா?

இடம்பெயர்தல் எம்மவர்க்குப் புதிதன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எமது தோளில் தொங்கிய பைக்குள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் நான்கு இருந்தன. தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் கட்டடத்தில், அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னர், பிற்பகல் வேளையில் எமக்கு வகுப்புகள் நடந்தன. எந்தப் பாடசாலை சிறந்தது என்று அன்று எந்தத் தாயும் தந்தையும் கேட்கவில்லை. இருப்பதற்கு வாங்கு உண்டா என்றே கேட்டனர்.

இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர், 2018 கோடையில், மனைவி மக்களுடன் நாம் மீண்டும் இடம்பெயர்ந்தோம். இம்முறை எம்மைத் துரத்தியது குண்டன்று, வாடகை. இலண்டன் ஈஸ்ற்ஹாமில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு, வடக்கே ஒரு மணி நேர ரயில் தூரத்திலுள்ள நகரொன்றில் மூன்று அறைகளும் ஒரு சிறு தோட்டமும் கிடைத்தன. அங்கு முன்னரே குடியேறியிருந்த அண்ணர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "வீட்டை எடுங்கோ தம்பி. ஐந்நூறு யார் தூரத்திலை அவுட்ஸ்ராண்டிங் பள்ளிக்கூடம் இருக்கு, பிள்ளையள் நடந்தே போகலாம்" என்றார். யூலை மாத நடுவில் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். அதன் பின்னரே அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டா என்று கேட்டோம். எமது தவறு அந்த வரிசையிலேயே தொடங்கியது.

மகள் ஐந்தாம் ஆண்டுக்குப் போக வேண்டியவள். மகன் இரண்டாம் ஆண்டு. மகளுக்கு இடம் இருந்தது. மகனின் வகுப்பில் 30 பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். அவனுக்கு ஒன்றரை மைல் தொலைவிலுள்ள, நாம் பெயர்கூடக் கேள்விப்படாத இன்னொரு பள்ளியில் இடம் தரப்பட்டது. இரு பள்ளிகளிலும் காலை மணி அடிப்பது எட்டே முக்காலுக்கு. நாம் களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை முடித்து வீடு சேர ஒன்பது மணியாகும். வாகனம் ஓட்டத் தெரியாத மனைவி மகளை எட்டரைக்கே வாயிலில் விட்டுவிட்டு மகனை இழுத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுவார். செப்ரெம்பர் மாதத்தில் மட்டும் மகனின் வரவுப் பதிவில் பதினொரு நாள்கள் தாமதம் என்று குறிக்கப்பட்டிருந்தது.

சட்டத்தின் கணக்கு

ஒரு பிள்ளைக்காக வாங்கொன்றைக் கூடுதலாகப் போட்டால் என்ன என்று எம்மைப்போல் பலரும் கேட்பதுண்டு. 1998 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி இங்கிலாந்தின் அரச பள்ளிகளில் ரிசெப்சன், முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியரிடம் 30 பிள்ளைகளுக்கு மேல் இருத்தலாகாது. (இங்கு நாம் சொல்வன இங்கிலாந்துக்கே உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.) மூன்றாம் ஆண்டிலிருந்து இந்தச் சட்ட வரம்பு இல்லை, அதிபர் விரும்பினால் 31, 32 என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆகையால் நான்கு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளையுடன் இடம் மாறும் குடும்பமே பெரிதும் இடர்ப்படுகின்றது.

நாம் மேன்முறையீடு செய்தோம். சுயாதீனமான குழுவின் மூவரும் மிகுந்த கனிவோடு கேட்டார்கள். தாய் ஒரே நேரத்தில் இரண்டு வாயில்களில் நிற்க முடியாது என்று சொன்னபோது ஒருவர் தலையசைத்தார். ஆயினும் முடிவு எமக்கு எதிராகவே வந்தது. இந்தக் கீழ் வகுப்புகளில் விதி தவறாகப் பிரயோகிக்கப்பட்டது என்றோ, எந்த நியாயமான அதிகாரியும் எடுக்காத முடிவு என்றோ காட்டினாலன்றி மேன்முறையீடு வெல்வது அரிது. ஊரில் அதிபரைச் சென்று பார்த்து, பழைய மாணவர் சங்கத்தில் ஒருவரைப் பிடித்து அலுவலை முடிக்கும் பழக்கம் எமக்குண்டு. அந்தப் பழக்கம் இங்கு உதவாது. உதவாமலிருப்பதும் நல்லதே, ஏனெனில் எமக்கு இங்கு எவரையும் தெரியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆண்டின் நடுவில் புதிதாக ஓர் ஊருக்கு வந்த பிள்ளைக்கு நியாயமான தூரத்தில் வேறெந்தப் பள்ளியிலும் இடம் இல்லையாயின், அப்பிள்ளையை முப்பத்தொன்றாவதாகச் சேர்க்கலாம். எமக்கு ஒன்றரை மைலில் இடம் இருந்தபடியால் அது பொருந்தவில்லை. இலவசப் போக்குவரத்தும் கிடைக்கவில்லை. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, இடமுள்ள மிக அண்மிய பள்ளி இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தால் கவுன்சில் போக்குவரத்துத் தர வேண்டும். எட்டு வயதானால் மூன்று மைல். அரை மைலால் எமக்கு அது தவறியது.

காத்திருப்போர் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். அது பேருந்துத் தரிப்பில் நிற்கும் வரிசையைப் போன்றதன்று. முதலில் பதிந்தவருக்கு முதலிடம் என்ற பேச்சே அங்கில்லை. உடன்பிறந்தோர், தூரம் ஆகிய விதிகளின்படியே வரிசை அமையும். நேற்று வந்த குடும்பம் எம்மை முந்தலாம், நாமும் பிறரை முந்தலாம். எமது மகன் ஒன்பதாம் இடத்தில் இருந்தான். அக்காள் அங்கேயே படிக்கும்போது ஒன்பதாம் இடம் எப்படி என்று நவம்பரில் விசாரித்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது. மகளின் கடைசிப் பெயராக எமது பெயரும், மகனின் கடைசிப் பெயராக எமது தகப்பனாரின் பெயரும் பதிவாகியிருந்தன. எமது பெயரிடும் வழக்கத்தைக் கணினி அறியாது. இருவரும் உடன்பிறந்தோர் என்று எவருக்கும் தோன்றவில்லை. பிறப்புச் சான்றிதழ்களைக் காட்டிய மறுநாள் அவன் இரண்டாம் இடத்துக்கு வந்தான். எம்மவர் வீடுகளில் இந்தப் பெயர்ச் சிக்கல் அரிதன்று. படிவம் நிரப்பும்போதே இதனைத் தனித் தாளில் எழுதி இணைத்துவிடுவது நன்று.

வாயிலில் தொங்கும் பட்டம்

அண்ணர் சொன்ன அவுட்ஸ்ராண்டிங் என்ற சொல்லுக்கு வருவோம். அந்தப் பள்ளியின் வேலியில் பெரிய பதாகையாகவே அது தொங்கிற்று. ஒஃப்ஸ்ரெட் என்னும் பள்ளிக்கூடப் பரிசோதனை நிறுவனம் வழங்கிய பட்டம் அது. அந்தப் பதாகைக்கு வயது பத்து என்பதை நாம் கவனிக்கவில்லை. 2012 முதல் 2020 வரை இந்த உயர் பட்டம் பெற்ற பள்ளிகள் வழமையான பரிசோதனையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன. அதிபர் மாறியிருப்பார், ஆசிரியர்கள் போயிருப்பார்கள். பட்டம் மட்டும் நிற்கும். 2024 செப்ரெம்பருடன் அரச பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் பட்டம் சூட்டும் முறை கைவிடப்பட்டது. 2025 நவம்பரிலிருந்து ஒவ்வொரு துறைக்கும் தனித்தனித் தரம் காட்டும் அறிக்கை அட்டை வந்துள்ளது. ஆனால் எமது விருந்துகளிலும் கோயில் மண்டபங்களிலும் பழைய ஒற்றைச் சொல்லே இன்னும் உலவுகின்றது. அறிக்கையைத் தேடுவோர் முதலில் அதன் திகதியைப் பார்க்க வேண்டும்.

பதினொரு வயதில் எழுதும் நுழைவுத் தேர்வை எண்ணி நான்கு வயதிலேயே ஊர் தேடுவோரும் எம்மிடையே உளர். தெரிவுத் தேர்வு வைக்கும் அரச கிராமர் பள்ளிகள் இங்கிலாந்து முழுவதிலும் 163 மட்டுமே. கென்ற், பக்கிங்ஹாம்ஷயர் போன்ற சில பகுதிகளிலேயே அவை செறிந்துள்ளன. பால் பல் விழாத பிள்ளைக்கு அந்த ஓட்டம் தேவையா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும். எமக்கு அதில் மனமில்லை.

பார்க்க வேண்டியது வேறு. பாடசாலை நாளொன்றில், முற்பகலில், நேரம் கேட்டுச் சென்று பார்த்தால் பல விடயங்கள் தாமாகவே தெரியும். அதிபருக்குப் பிள்ளைகளின் பெயர்கள் தெரிகின்றனவா? கடந்த ஈராண்டில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? ஆங்கிலம் தெரியாத பிள்ளை வந்தால் முதல் வாரம் என்ன செய்வீர்கள்? பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த எமது நண்பர் குடும்பமொன்றின் மகன் நான்காம் ஆண்டில் சேர்ந்து மூன்று மாதம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வீட்டில் தமிழும் பிரெஞ்சும் ஓயாமல் பேசுபவன். அப்பள்ளியில் அவனைக் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் மேசையில் இருத்திவிட்டார்கள். புதுமொழிக்குள் நுழையும் பிள்ளைகள் பலர் இப்படிச் சில காலம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு என்பதை அறிந்த ஆசிரியை ஒருவர் அடுத்த தவணையில் வந்த பின்னரே அவன் மீண்டான். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் பேசுங்கள் என்று எவரேனும் சொன்னால் அந்த அறிவுரையை ஏற்க வேண்டியதில்லை.

புதிய ஊரின் பள்ளி அமைப்பையும் கேட்டறிதல் வேண்டும். சில இடங்களில் ஏழு வயது வரை ஒரு பள்ளி, அதன் பின் பதினொரு வயது வரை வேறொரு பள்ளி. அங்கு இரண்டாம் ஆண்டில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ரிசெப்சனுக்கு விண்ணப்பிப்போர்க்கு இறுதி நாள் சனவரி 15, முடிவு ஏப்ரல் 16. ஒரே பள்ளியின் பெயரை மட்டும் எழுதினால் அதனையே தருவார்கள் என்று நம்புவது பெரும் பிழை. கிடைக்காவிடின் எஞ்சிய இடம் எதுவோ அதுவே வந்து சேரும்.

அங்கிலிக்கன், கத்தோலிக்கப் பள்ளிகள் சில மேலதிகப் படிவம் கேட்கும். ஞானஸ்நானச் சான்றிதழ் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ தொலைந்துபோன குடும்பங்கள் மறைமாவட்டத்துக்கு எழுதிப் பிரதி பெறக் காலம் பிடிக்கும் என்பதால், வீடு தேடும்போதே அதனையும் தொடங்குதல் நன்று. 2008 இல் ஹரோவில் தொடங்கிய கிருஷ்ணா அவந்தி, அரச நிதியில் இயங்கும் முதலாவது இந்துப் பள்ளியாகும்.

மதிய உணவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் இரண்டாம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 2014 முதல் இலவச உணவு உண்டு. இலண்டனில் 2023 செப்ரெம்பரிலிருந்து அரச ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது கிடைக்கின்றது. ஆகவே இலண்டனை விட்டு வெளியேறும் குடும்பம், மூன்றாம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளையின் சாப்பாட்டுக் காசை வாடகை மிச்சத்திலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். யுனிவேர்சல் கிரடிற் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2026 செப்ரெம்பர் முதல் இவ்வுணவை விரிவுபடுத்துவதாக 2025 இல் அரசாங்கம் அறிவித்தது.

உள்துறை அமைச்சு அனுப்பும் ஊருக்குப் போக வேண்டியவர்கள் எம் வாசகர்களுள் உண்டு. வீடா பள்ளிக்கூடமா என்று தெரியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆனாலும் புகலிடம் கோரும் குடும்பத்தின் பிள்ளைக்கும் அரச பள்ளியில் இடம் பெறும் உரிமை உண்டு. விடுதி முகவரியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். குடியேற்ற நிலையைக் காட்டி மறுக்க முடியாது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழியைக் கேட்பதும் விதிக்குப் புறம்பானது. விண்ணப்பித்தால் பதினைந்து பள்ளி நாள்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்காத அகதிப் பிள்ளைகளுக்கெனக் கவுன்சிலிடம் ஓர் ஒழுங்கு உண்டு. அதன்கீழ் எடுக்கப்பட்ட பிள்ளைக்கு இருபது பள்ளி நாள்களுக்குள் இடம் ஒதுக்கப்பட வேண்டும். ஃபெயர் அக்செஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எமது கதையின் மீதி இதுதான். சனவரியில் மகனுக்கு அந்தப் பதாகைப் பள்ளியில் இடம் வந்தது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் அவன் தனது பள்ளியில் நிலைகொண்டுவிட்டான். மழையானாலும் அங்கு அதிபர் வாயிலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பார். தாமதங்களைப் பற்றிக் கடிதம் அனுப்பாமல் எமது மனைவியை அழைத்துக் காரணம் கேட்டு, காலையுணவு வகுப்பில் மகனுக்கு இடம் கொடுத்தவரும் அவரே. மகளோ பதாகைப் பள்ளியில் நன்றாகவே படித்தாள். ஆனால் நான்கு வயதிலிருந்து ஒன்றாக இருந்த பிள்ளைகளுக்கு நடுவே அவள் ஐந்து மாதங்களாகத் தனியே சாப்பிட்டாள். அதை அவள் எம்மிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு இரவு நாமும் மனைவியும் பேசினோம். கிடைத்த இடத்தை மறுத்தோம். பெப்ரவரி விடுமுறையின் பின் மகளை மகனின் பள்ளிக்கு மாற்றினோம். "ஆராவது இப்பிடிப் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வருவினமோ?" என்று அண்ணர் பல நாள் எம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சரியாகத்தான் செய்தோமா என்ற ஐயம் எமக்கும் இருந்தது. மகளின் கணிதம் அந்தத் தவணையில் சற்றுப் பின்னடைந்ததை மறைக்க விரும்பவில்லை. 2020 மார்ச்சில் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஆறாம் ஆண்டுத் தேர்வுகளும் நடக்கவில்லை. ஆகவே எந்தப் பள்ளியில் அவள் கூடுதலாகப் புள்ளி பெற்றிருப்பாள் என்ற கேள்விக்கு விடையில்லை.

2019 யூலையில் வீட்டு ஒப்பந்தம் முடிந்தபோது மறுபடியும் வீடு தேடினோம். இம்முறை பள்ளி வாயிலிலிருந்து நடந்து பார்த்துத் தேடினோம். ஏழு நிமிட நடையில் ஒரு வீடு அகப்பட்டது. அதற்குத் தோட்டம் இல்லை. பழைய தோட்டத்தில் நட்ட கறிவேப்பிலைக் கன்றைத் தோண்டிச் சாடியில் வைத்து மனைவி மடியில் ஏந்திக்கொண்டு வந்தார்.