ஊராஸ்பத்திரி வாழ்ந்தால் ஊர் வாழும்

அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கங்களிலிருந்து ஹைலெவல் வீதி வழியாக வரும் பஸ்கள் விடியற் காலையில் நுகேகொடையைக் கடந்து செல்கின்றன. அவற்றிலிருந்து கையில் ஒரு பையும், பையினுள்ளே பழைய கிளினிக் கொப்பியுமாக இறங்குவோர் பலர். களுபோவிலைப் போதனா வைத்தியசாலைக்கும், ஜப்பானிய மக்களின் கொடையாக 1984ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலைக்கும் அவர்கள் வழி விசாரிக்கின்றனர். அரிய சத்திர சிகிச்சையை நாடி வருவோர் வந்தே ஆகவேண்டும். ஆனால், குருதியமுக்கத்தை அளந்து பார்த்து மாத்திரை பெறுவதற்காகவும் ஒருவர் அன்றைய கூலியை இழந்து, பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து, நகரத்து வரிசையிலே நாள் முழுவதும் நிற்க வேண்டுமா? அவருடைய ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கின்றதே, அது என்ன ஆயிற்று? இன்று நாம் ஆராயப் புகுவது இக்கேள்வியையே.

கிராமத்துச் சிற்றாஸ்பத்திரிகள் நம் நாட்டில் தாமாக முளைத்தவை அல்ல. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பெற்றது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாது, வீடு வீடாகச் சென்று நோய் வராமற் காக்கும் முறை அங்கே வேரூன்றியது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்ததும், கிராமத்தவரின் வாக்கை வேண்டி நின்ற பிரதிநிதிகள் அவர்களுடைய குறைகளுக்குச் செவிசாய்க்க வேண்டியவராயினர். அடுத்து 1934 - 35இல் மலேரியா என்னும் கொடு நோய் நாட்டைச் சூறையாடிற்று. குருநாகல், கேகாலைப் பகுதிகள் பெரிதும் வாடின. சுமார் 80,000 உயிர்கள் மாண்டன. அந்தப் பேரழிவு கற்பித்த பாடத்தின் பயனாகவே மருந்தகங்களும், மகப்பேற்று மனைகளும், சிறிய ஆஸ்பத்திரிகளும் கிராமங்கள் தோறும் பெருகின. 1951இல் அரசாங்க வைத்தியம் அனைவர்க்கும் இலவசமாயிற்று.

இதன் பலனை ஓர் எண்ணிக்கையாலேயே உணரலாம். 1940களின் முற்பகுதியில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்களுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் பிரசவத்தின் பொருட்டு உயிரிழந்தனர். இன்று அத்தொகை சுமார் முப்பது. வீடு தேடி வந்த மருத்துவமாதும், நடந்து சென்று அடையக்கூடிய தூரத்திலே இருந்த மகப்பேற்று மனையும் இம்மாற்றத்திற் பெரும் பங்கு கொண்டன. மலேரியாவும் ஒழிந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

இத்துணைப் பணி செய்த சிற்றாஸ்பத்திரிகள் இன்று யாருடைய பொறுப்பில் இருக்கின்றன? இதனை மாணவர்கள் சிறப்பாக அறிந்து கொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியல் திருத்தத்தின்படி, பொது வைத்தியசாலைகளையும், கிராமிய வைத்தியசாலைகளையும், மகப்பேற்று மனைகளையும், மருந்தகங்களையும் அமைத்து நடத்தும் அதிகாரம் மாகாணங்களைச் சார்ந்தது. போதனா வைத்தியசாலைகளும், விசேட நோக்கங்களுக்கான வைத்தியசாலைகளும் மத்திய அரசாங்கத்தின் வசம் உள்ளன. ஆகவே நம் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையின் கூரை ஒழுகினாலும், ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையத்தில் ஆள் குறைந்தாலும் முதலில் விடை கூறவேண்டியது மாகாண சுகாதாரத் திணைக்களமே. ஆனால், வைத்தியர்களை நியமிப்பது மத்திய அமைச்சு. மருந்தில் பெரும்பகுதியும் கொழும்பிலிருந்தே செல்லவேண்டும். பணத்துக்கும் மாகாணம் கொழும்பையே எதிர்பார்த்திருக்கின்றது. பொறுப்பு ஓரிடத்திலும், பொருள் மற்றோரிடத்திலுமாக இருப்பதால் இடையிலே தவிப்பது சிற்றாஸ்பத்திரிதான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும், வைத்தியர்கள் வெளிநாடு சென்றமையும் இந்தத் தவிப்பை மேலும் கூட்டின.

இதிலே ஒரு நச்சு வட்டம் உண்டு. ஊராஸ்பத்திரியில் ஒருநாள் மருந்து இல்லையென்றால், மறுமுறை நோயாளி அங்கே போவதில்லை. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகின்றார். வருவோர் தொகை குறைந்ததும், ‘இங்கே இத்தனை ஆள் எதற்கு, இத்தனை மருந்து எதற்கு?’ என்ற கேள்வி எழுகின்றது. ஆளும் மருந்தும் மேலும் குறைய, மீதியுள்ள நோயாளரும் விலகுகின்றனர். ஈற்றில் கட்டிடம் மட்டும் மிஞ்சுகின்றது.

இந்த இடர்ப்பாடு செல்வம் மிகுந்த அமெரிக்காவையும் விட்டுவைக்கவில்லை. 1983இல் அங்கே முதியோர்க்கான அரசாங்கக் காப்புறுதி, நோய்க்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நோயாளர் திரளும் நகரத்து ஆஸ்பத்திரிகள் அதனைத் தாங்கிக் கொண்டன. நாட்டுப்புறத்துச் சிற்றாஸ்பத்திரிகள் பல மூடுண்டன. காரணம் எளிது. இரவுக் கடமையிலுள்ள தாதிக்கு, ஒரு நோயாளி வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் சம்பளம் ஒன்றே. வருவாரோ மாட்டாரோ எனத் தெரியாத ஒருவருக்காக விளக்கேற்றி விழித்திருப்பதே அந்த ஆஸ்பத்திரியின் பெருஞ் செலவு. இதனை உணர்ந்து 1997இல் அங்கே புதிய சட்டம் இயற்றினர். இருபத்தைந்து கட்டில்களுக்கு மேற்படாத, பிற ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைவில் உள்ள சிற்றாஸ்பத்திரிகளை மாநிலங்கள் தெரிந்தெடுத்தன. அவற்றுக்கு நோயாளரின் தலையை எண்ணாது, ஆகும் நியாயமான செலவையே கணக்கிட்டுப் பணம் வழங்க வழி செய்யப்பட்டது.

நமக்கு இன்னும் அண்மையிலே தமிழ்நாட்டின் உதாரணம் இருக்கின்றது. 1994இல் அம்மாநில அரசு மருந்து கொள்வனவுக்கென ஒரு தனிக் கழகத்தை நிறுவியது. மாநிலம் முழுவதற்கும் வேண்டிய மருந்துகள் மொத்தமாக வாங்கப்பட்டு, மாவட்டக் களஞ்சியங்களிலே வைக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு புத்தகம் உண்டு. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை அது எடுத்துக் கொள்கின்றது. குக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமும் தன் தேவையைத் தானே சொல்லிப் பெறலாம் என்பதே இதன் சிறப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம், நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்குமான மாத்திரைகளை நோயாளரின் வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கின்றது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. 2018இல் உலக வங்கியின் 20 கோடி டொலர் கடனுதவியோடு ஆரம்ப சுகாதார சேவையை வலுப்படுத்தும் திட்டம் ஒன்று மாகாணங்களை உள்ளடக்கித் தொடங்கப்பெற்றது. செய்து காட்டிய வேலைக்கு ஏற்பப் பணம் விடுவிப்பது அதன் முறை. ஓர் ஆதார வைத்தியசாலையைத் தலையாகக் கொண்டு, அதனைச் சூழ்ந்த சிற்றாஸ்பத்திரிகளை ஒரே கொத்தாக இணைக்கும் கொள்கையும் வகுக்கப்பட்டது. தலைமை வைத்தியசாலையின் விசேட நிபுணரும், ஆய்வுகூடமும், மருந்தும் அக்கொத்துக்குப் பொதுவாதல் வேண்டும் என்பதே கருத்து. 2016இல் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் ஊரையும் நகரையும் இணைக்கும் பாலமாய் விளங்குகின்றது.

ஆயினும் அம்புலன்ஸ் செல்லாத இடமும் உண்டு. நெடுந்தீவை எண்ணிப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்குள்ள பிரதேச வைத்தியசாலையின் அருமையை நோயாளர் தொகை கொண்டு அளத்தல் முறையாகுமா? மலையகத் தோட்டங்களிலோ மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பது மெல்ல மெல்லவே நடந்து வந்துள்ளது. இத்தகைய இடங்களில் சிற்றாஸ்பத்திரி தளர்ந்தால் மக்களுக்கு மாற்று வழியில்லை. முதியோர் பெருகி வரும் காலம் இது. நாட்டில் நிகழும் மரணங்களிற் பத்தில் எட்டு, தொற்றாத நீண்டகால நோய்களால் விளைபவை. இவற்றுக்கு மாதந்தோறும், ஆயுள் முழுவதும் கவனிப்பு வேண்டும். அதனை வீட்டுக்கு அருகிலன்றி வேறெங்கே பெறுவது?

ஆகவே மாகாண நிர்வாகங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. தலைகளை எண்ணி ஆஸ்பத்திரியின் விதியை முடிவு செய்யலாகாது. தொலைவையும் போக்குவரத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும். இன்றியமையாத சில மருந்துகள் எந்நாளும் தீராதபடி காக்கவேண்டும். ஒதுங்கிய ஊர்களிலே பணிபுரிய வரும் வைத்தியருக்கும் தாதிக்கும் ஒழுகாத விடுதி முதலில் வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் இதிற் பங்கு உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நுகேகொடையிலும் வாழும் நம்மவரிற் பலருக்கு வேர்கள் ஏதோ ஒரு கிராமத்திலே இருக்கின்றன. ஊர்க் கோயில் திருவிழாவுக்கும், படித்த பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்பும் நாம், ஊராஸ்பத்திரியின் நலன்புரிச் சங்கத்தையும் நினைத்தல் தகும். ஆனால், கொடுக்குமுன் அங்குள்ள வைத்திய அதிகாரியிடம் தேவை யாதெனக் கேட்டறிதல் வேண்டும். இயக்க ஆளில்லாத பெரிய கருவியிலும், நோயாளர் அமர ஒரு நல்ல வாங்கும், குடிநீர் வசதியும் பயன் மிக்கவை. ஊரிலுள்ள பெற்றோரின் மாதாந்தக் கிளினிக்கை ஊராஸ்பத்திரியிலேயே பதிவு செய்விப்பது இன்னொரு பேருதவி. பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பெயரும் அடுத்த ஆண்டின் மருந்துக்கும் ஆளுக்கும் மாகாணத்திடம் கேட்பதற்கு ஒரு சான்றாகும்.